மேட்டு ரோட்ல ஜீப் ஓட்டும்போது நெஞ்சு படபடப்பு, ஈசிஜி நார்மல்ங்கிறாங்க, அப்ப இது என்னதான்?

மேட்டுரோடு_ஜீப் | இரவு 9:48

எல்லாருக்கும் வணக்கம். பேரு வேணாம், கம்பம் பக்கம்னு வச்சுக்கங்க. தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பு ஓட்டுறேன். வெள்ளன நாலு மணிக்கெல்லாம் தெருத்தெருவா ஹாரன் அடிச்சு ஆளுகளை ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு ரோட்ல ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துல எறக்கி விட்டுட்டு சாயங்காலம் திருப்பிக் கூட்டியாரணும். பூராம் பொம்பளையாளுக, எங்க தெரு, பக்கத்துத் தெரு, என் சின்னம்மா கூட அதுலதான் வருது. இந்த ரோட்ட கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு நான்.

பிரச்சினை என்னன்னா போன மழை சீசன்ல ஒருநா மேல ஏறும்போது ஒரே மூடுபனி, முன்னாடி பத்தடி தெரியல, அது எப்பவும் உள்ளதுதான். பாதி மலை ஏறுனா காது அடைக்கும்ல, எச்சி முழுங்குனா விட்டுரும், அன்னைக்கு விடல. விடலையேன்னு இன்னொருக்கா முழுங்குறேன், நெஞ்சு திடுதிடுன்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு. மூச்சு முட்டுது, கழுத்தச் சுத்தி வேர்க்குது, கைவிரல் பூராம் மதமதன்னு ஆகி ஸ்டீரிங்லயே மடங்கி இறுகிப்போச்சு, விரிக்க முடியல. சோலி முடிஞ்சதுன்னே நெனச்சுட்டேன். பின்னாடி அதுக பாட்டுக்கு இந்த மாசம் சீட்டுப்பணம் யாருக்கு விழுந்துச்சுன்னு பேசிக்கிட்டு வருதுக. எப்புடியோ ஓரங்கட்டிட்டு இஞ்சின் சூடாகிருச்சுன்னு சொல்லி பானட்டத் தொறந்து அதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நின்னேன், யாரும் மூஞ்சியப் பாத்துரக் கூடாதுன்னு. கொஞ்ச நேரத்துல தானா அடங்குச்சு. சின்னம்மா மட்டும் தண்ணி பாட்டிலக் குடுத்துட்டு ஒரு மாதிரி பாத்துச்சு.

கீழ வந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். ஈசிஜி, எக்கோ, சுகர், பிரஷர் எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமில்ல கேஸ்தான்னு மாத்திரை குடுத்தாங்க. ஒண்ணுமில்லைன்னா எதுக்கு திரும்பத் திரும்ப வருது? ராத்திரி தூக்கத்துல கூட தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். இப்ப சாயங்காலம் ஆனாலே நாளைக்கு அந்த வளைவுல வந்துருமோன்னு வயித்தக் கலக்குது. அதுனால கொஞ்ச நாளா லோயர் கேம்ப் வழியா குமுளி ரோட்ல சுத்திப் போறேன், டீசல் கூடுதல், நேரமும் போகுது, கேட்டா மேட்டு ரோட்ல வேலை நடக்குதுன்னு பொய் சொல்றேன்.

வீட்ல மந்திரிச்சு கயிறு கட்டிவிட்டாங்க. கூட்டாளி ஒருத்தன் அவங்கப்பா போடுற தூக்க மாத்திரைல பாதி குடுத்தான், அல்பிரசோலம்னு அட்டைல இருக்கு. அதப் போட்டா நல்லாத் தூங்குறேன், ஆனா காலைல தலை கனமா இருக்கு. இது ஹார்ட்டா, மனசா? நான் வண்டி ஓட்டலாமா ஓட்டக் கூடாதா? வெளிய சொன்னா எவளும் என் ஜீப்புல ஏற மாட்டா, வண்டிக்கு டியூ வேற ஓடிக்கிட்டு இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாழைத்தார் | இரவு 10:15

தம்பி, எனக்கும் இதேதான் வந்துச்சு, சின்னமனூர்ல கமிஷன் கடைல கணக்குப் பாக்குறேன். எனக்கு ஆரம்பிச்சது மதுரை பஸ்ல, ஆண்டிபட்டி கணவாய் தாண்டுறப்ப. பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன், கண்டக்டர் திட்டுனாரு. அன்னைல இருந்து பஸ்ல ஏறுனா படிக்கட்டுப் பக்கத்து சீட்டு கெடைச்சாத்தான் உக்காருவேன், அப்பறம் சம்சாரம் கூட வந்தாத்தான் பஸ்ஸு, அப்பறம் மதுரையே வேணாம், அப்பறம் தேனில கல்யாணம்னாலும் மொய்ய யார்கிட்டயாவது குடுத்துவிட்டுட்டு வீட்டுலயே இருந்துருவேன். போகாம இருந்தா நிம்மதியா இருக்கும்தான், ஆனா அடுத்த தடவ போகணும்னு வர்றப்ப பயம் முன்னவிட கூடியிருக்கும், இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, உங்களுக்கே குமுளி ரோட்ல இப்ப தெரிஞ்சிருக்கும். இன்னிக்கு மேட்டு ரோட்ட விட்டீங்க, நாளைக்கு குமுளி ரோட்லயும் லேசா ஒரு படபடப்பு வந்தா எங்குட்டுப் போவீங்க?

கடைசில தேனி பக்கம் கானாவிலக்கு பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுக்குத்தான் போனேன். போறப்ப துண்ட தலைல போட்டுக்கிட்டுப் போனேன்னு வைங்க. அங்க போனா பாதி ஊரு உக்காந்திருக்கு, எங்க கடைக்கு தார் கொண்டுவர்ற ஆளே ஒருத்தரு வரிசைல இருந்தாரு, ரெண்டு பேரும் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டோம். டாக்டரு மொதல்ல தைராய்டும் ரத்தத்துல ஹீமோகுளோபினும் பாக்கச் சொன்னாங்க. தைராய்டு கூடுனாலும் இதே படபடப்பு, இதே வேர்வை வருமாம். உங்க லிஸ்ட்ல அது ரெண்டும் இல்ல, பாத்துருங்க.

எனக்கு எல்லாத்தையும் விட கஷ்டமா இருந்தது நாடி பாக்குறத விடுறதுதான். கழுத்துல விரல வச்சு வச்சு அந்த எடமே கருத்துப் போச்சு. மகன் அன்பா வாங்கிக் குடுத்தான் இந்த துடிப்பு காட்டுற வாட்சு, அதோட ஒழிஞ்சது, வியாபாரம் பேசிக்கிட்டே மணிக்கட்டப் பாப்பேன், 96னு காட்டும், ஐயோன்னு நெனப்பேன், 104 ஆகும். அந்த வாட்ச கழட்டி வச்சதுதான் மாத்திரைக்கு அடுத்தபடியா எனக்கு நடந்த நல்ல காரியம். தண்ணி பாட்டில், புளிப்பு மிட்டாய், சட்டைப்பைல ஒரு மாத்திரைன்னு துணைக்கு வச்சிருந்த சாமானையெல்லாம் ஒண்ணொண்ணா விட்டேன். அதெல்லாம் இருந்ததாலதான் பொழச்சோம்னு மனசு நம்பிக்கிட்டே இருக்கும், அதுதான் சிக்கல். இப்பவும் எப்பவாச்சும் எட்டிப்பாக்கும், வந்தா வரட்டும்னு விட்டுருவேன், போயிரும். மதுரைக்கு சன்னலோர சீட்டுல உக்காந்து தூங்கிக்கிட்டே போறேன்.

கருப்பன்_துணை | இரவு 10:31

மனசுல தைரியம் இல்லாததுதான் காரணம் நண்பா. ஆம்பள நாம இப்டி பயந்தா எப்புடி. ஏழெட்டு டீ குடிப்பீங்க அதக் கொறைங்க, வீரபாண்டி ஆத்தாவுக்கு ஒரு தீச்சட்டி நேந்துக்கங்க, சித்திரைல எடுத்துருங்க, எல்லாம் ஓடிரும். மாத்திரைக்கு மட்டும் பழகிறாதீங்க வாழ்நாள் பூராம் போடணும்.

ஓபி_சீட்டு | இரவு 11:20

அரசு ஆஸ்பத்திரி ஒண்ணுல மனநலப் பிரிவுல கவுன்சலிங் பக்கம் வேலை பாக்குறேன், டாக்டர் இல்ல, அதையும் சொல்லிர்றேன். நேர்ல பாக்காம இது இன்ன நோய்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றது பேனிக் அட்டாக்னு, அதாவது ஆபத்தே இல்லாம திடீர்னு வந்து உடம்பையே ஆட்டிட்டுப் போற பயம்னு, நாங்க தினம் கேக்குற கதையோட அப்படியே பொருந்துது.

கருப்பன் துணைக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல சண்டை போட்ட சிப்பாய்களுக்கே நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், மயக்கம்னு வந்து டாக்டர்கிட்ட வந்திருக்காங்க, டா கோஸ்டான்னு ஒரு டாக்டர் அவங்களப் பரிசோதிச்சுப் பாத்து இதயத்துல கோளாறு எதுவும் தென்படலைன்னு 1871லயே எழுதி வச்சிருக்காரு. துப்பாக்கி தூக்குனவனுக்கே வந்திருக்கு, இதுல ஆம்பள தைரியம் எங்க வருது. தீச்சட்டி எடுக்குறது அவரவர் நம்பிக்கை, எடுக்கட்டும், நானே பூக்குழி எறங்குறவன்தான். டீ கொறைக்கச் சொன்னதும் சரிதான். மாத்திரை பத்தி சொன்னது மட்டும் சரியில்ல, கீழ சொல்றேன்.

ஜீப் அண்ணனுக்கு. ஹாரன் சுவிட்ச்சு ஷார்ட் ஆனா முன்னாடி ஆளே இல்லாம ஹாரன் தானா அலறும்ல, இது அதுதான். ஹாரனும் நல்லாத்தான் இருக்கு, பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு, தேவையில்லாத நேரத்துல அடிக்குது. எதுத்தாப்புல லாரி வந்தா உடம்பு அட்ரினலின எறக்கும், இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வேகமாகும், தப்பிச்சு ஓடுறதுக்கான ஏற்பாடு அது. லாரியே வராம அந்த ஏற்பாடு நடந்தா நமக்குக் காரணம் புரியாது, அப்ப ஹார்ட் அட்டாக்தான்னு நெனப்போம், அந்த நெனப்புக்கே இன்னொரு ரவுண்டு அட்ரினலின் எறங்கும். உங்க விஷயத்துல ஆரம்பிச்சு வச்சது காது அடைச்சதுதான்னு நெனக்கிறேன். மலை ஏறுனா காத்தோட அழுத்தம் கொறையும், யாருக்கும் காது அடைக்கும், அன்னைக்கு அது விடலைங்கிறத மனசு தப்பாப் படிச்சிருச்சு. உடம்புல நடக்குற சாதாரண விஷயத்த ஆபத்துன்னு எடுத்துக்கிறதுதான் இதோட வேர்னு டேவிட் கிளார்க்னு ஒரு இங்கிலாந்து சைக்காலஜிஸ்ட் 1986ல எழுதுனாரு, இன்னைக்கு நாங்க இதுக்குப் பேசியும் பழக்கியும் குடுக்குற சிகிச்சைல, தெரபின்னு சொல்றதுல, பெரும்பகுதி அதுல இருந்து வந்ததுதான்.

விரல் மடங்குனது பக்கவாதம் இல்ல. வேக வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு கொறைஞ்சிரும், அதுனால விரலும் உதட்டச் சுத்தியும் மதமதங்கும், ரொம்ப நேரம் போனா விரல் இழுத்துக்கும். மூச்சு பத்தலைன்னு தோணும், நெசத்துல கூடிப்போச்சு. அதுனாலதான் பக்கத்துல இருக்குறவங்க நல்லா இழுத்து மூச்சு விடுப்பான்னு சொன்னா சில பேருக்கு இன்னும் மோசமாகுது. இழுக்குறதப் பெருசாக்காதீங்க, விடுறத நீளமாக்குங்க. மூக்கு வழியா வயிறு லேசா எழும்புற அளவு நாலு எண்ணி உள்ள, வாய் வழியா ஆறு எண்ணி வெளிய, அவ்வளவுதான். இத படபடப்பு வர்றப்ப மட்டும் செஞ்சா கைகொடுக்காது, தினம் சும்மா இருக்குறப்ப செஞ்சு பழகணும். பேப்பர் கவருக்குள்ள மூச்சு விடுறத சினிமாவுல பாத்திருப்பீங்க, அதச் செய்யாதீங்க, நெசமாவே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தா அது ஆபத்து.

இது ஏறுற வேகத்துலயே எறங்கவும் செய்யும். பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிரும், பெரும்பாலும் அரை மணி நேரத்துல அடங்கிரும், நீங்க ஒண்ணுமே செய்யாட்டியும். மயக்கம் போட்டு விழுந்துருவோம்னு எல்லாரும் பயப்படுவாங்க. மயக்கம் வரணும்னா பிரஷர் எறங்கணும், இந்த நேரத்துல பெரும்பாலும் பிரஷர் ஏறித்தான் இருக்கும், அதுனால நெசமா விழுகுறது அபூர்வம்.

ஆனா ஒண்ண கவனிச்சுக்கங்க. கனம் தூக்குறப்ப, மேடு ஏறி நடக்குறப்ப நெஞ்ச அழுத்தி உக்காந்தா கொறையிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுற வலி, நெசமாவே நினைவு தப்புறது, இதெல்லாம் வந்தா பேனிக்னு நீங்களா முடிவு பண்ணாம 108க்கு கூப்புடுங்க. கீழ தமிழ்நாட்டுலயும் மேல கேரளாவுலயும் அதே நம்பர்தான்.

இப்ப அந்த அல்பிரசோலம். மொதல்ல அத நிறுத்துறதப் பத்தி டாக்டர்கிட்ட பேசணும், எப்பவாச்சும் போட்டதுன்னா பெருசா ஒண்ணுமில்ல, தினம் போட்டு பழகியிருந்தா திடீர்னு விடக்கூடாது, படிப்படியாத்தான் எறக்கணும். சீட்டு இல்லாம கடைல குடுக்கவே கூடாத மாத்திரை அது, கடைக்காரர் தனி ரெஜிஸ்டர்ல எழுதி வைக்கணும், கூட்டாளி பாக்கெட்ல இருந்து வாங்குற சாமான் இல்ல. ராத்திரி போட்டது காலைல நாலு மணிக்கு ரத்தத்துல இருக்கும், நீங்க சொன்ன தலைக் கனம் அதுதான். அண்ணே, மூடுபனில மேட்டு ரோட்ல, பின்னாடி அத்தன பேரோட, படபடப்ப விட எனக்கு இதுதான் பயமா இருக்கு. இன்னைல இருந்து அதப் போட்டுட்டு வண்டிய எடுக்காதீங்க.

பேனிக்குக்கு டாக்டருங்க பெரும்பாலும் மொதல்ல எழுதுறது வேற வகை, எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி. இதுக்கு அல்பிரசோலம் மாதிரி ஏக்கம் வராது. கொறைஞ்ச அளவுல ஆரம்பிப்பாங்க, மொத ஒரு வாரம் பத்து நாள் வயிறு பொரட்டும், சில பேருக்கு படபடப்பு லேசா கூடவும் செய்யும், அங்கதான் நெறைய பேரு பயந்து விட்டுட்டு ஓடிர்றாங்க. கொணம் தெரிய ரெண்டு மூணு வாரமாவது ஆகும். நல்லானப்பறமும் கொஞ்ச மாசம் போடச் சொல்லி அப்பறம் மெதுவா எறக்குவாங்க. வாழ்நாள் பூராம்ங்கிறது எல்லாருக்கும் இல்ல.

கூடலூர்_மதினி | காலை 5:05

நான் வாய்ல பேசித்தான் டைப்பு ஆகுது தப்பு இருந்தா பாத்துக்கங்க நானும் காய் எடுக்கப் போறவதான் அணைக்கரை பக்கம் இப்ப ஜீப்புக்குத்தான் நிக்கிறேன். தம்பி நீங்க நெனக்கிறீங்க எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு, டிரைவர் மூஞ்சிய கண்ணாடில பாத்துக்கிட்டேதான் நாங்க வர்றோம், அவன் தூங்கி வழியிறானா தண்ணி போட்டுருக்கானா பொண்டாட்டிகிட்ட சண்டையா எல்லாம் எங்களுக்குத் தெரியும். உங்க சின்னம்மா தண்ணி குடுத்துட்டு ஒரு மாதிரி பாத்துச்சுல்ல அதுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருச்சு, அதுகிட்ட சொல்லுங்க மொதல்ல.

எங்க ஜீப்புல ஒருத்திக்கு இருக்கு இது, எறக்கத்துல வந்தா கம்பியப் பிடிச்சுக்கிட்டு மாரியாத்தா மாரியாத்தாங்கும், நாங்க கையப் பிடிச்சுக்குவோம், யாரும் அவள ஒதுக்கல. டிரைவருக்கு வந்தா மட்டும் என்ன. ஆனா ஒண்ணு, சரியாகுற வரைக்கும் எங்கள ஏத்திக்கிட்டு ஓட்டாதீங்க, இத கோவமா சொல்லல. எங்களுக்குப் பிள்ளைக இருக்கு. மாத்து டிரைவர் போடுங்க, நாள்கூலிக்கு ஓட்ட ஆள் கெடைக்கும்.

இன்னொண்ணு இதையும் பேசணும், தலைக்கு இவ்வளவுன்னு காசுங்கிறதால ஜீப்புல எம்புட்டுப் பேர அடைக்கிறீங்க, முன்னாடி உங்க பக்கத்துலயே மூணு பேரு, கியரு போட எடமில்ல, பின்னாடி மடிமேல மடி. நாலு மணிக்கு வெறும் வயித்துல டீயக் குடிச்சுட்டு, நாலஞ்சு மணி நேரந்தான் தூக்கம், அம்புட்டு உசுரும் ஒருத்தன் கைல. இதுக்கு பயம் வராட்டித்தான் ஆச்சரியம். மனச மட்டும் குத்தம் சொல்லாதீங்க ஓபி தம்பி, ஆளக் கொறைச்சு ஏத்தச் சொல்லுங்க, தோட்டத்துக்காரங்க கூடுதலா வாடகை குடுத்தா ரெண்டு ஜீப்பா போகும். ஜீப்பு வந்துருச்சு அப்பறம் பேசுறேன்

ஓபி_சீட்டு | காலை 8:40

மதினி சொன்னதுல நான் விட்ட விஷயம் இருக்கு, தூக்கமும் வெறும் வயிறும். தூக்கம் கொறைஞ்சா இது சட்டுனு வரும், வெறும் வயித்துல ஸ்டிராங் டீயும் புகையிலையும் சேந்தா நெஞ்சு அதுவா படபடங்கும், அத ஹார்ட் அட்டாக்னு எடுத்துக்குவோம். ரெண்டு இட்லியாவது உள்ள போகட்டும். ஆள் கொறைக்கிறத பத்தி நான் சொல்ல எனக்குத் தகுதியில்ல, மதினி சொன்னதுதான் நியாயம்.

மேட்டுரோடு_ஜீப் | இரவு 8:55

எல்லாருக்கும் நன்றி. மதினி, நீங்க சொன்னது சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா சரி. இன்னைக்கு என் மச்சினன் வண்டிய எடுத்தான், நான் பக்கத்துல உக்காந்து போனேன், அதே வளைவுல லேசா வந்துச்சு, ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தேன், மெட்டு செக்போஸ்ட் வர்றதுக்குள்ள அடங்கிருச்சு. இது நல்லதா கெட்டதா தெரியல.

ரெண்டு சந்தேகம். மனநலப் பிரிவுல சீட்டு போட்டா லைசென்ஸ் போயிருமா? ஆர்டிஓ வரைக்கும் தெரியுமா? அப்பறம் மச்சினன எத்தன நாளைக்கு கெஞ்ச முடியும், நானா எப்ப ஓட்டலாம்?

ஓபி_சீட்டு | இரவு 9:30

ரொம்ப நல்லதுண்ணே. தெரபில நாங்க செய்யச் சொல்றதயே நீங்களா செஞ்சுட்டு வந்துருக்கீங்க. முக்கியமானது அந்த அடங்குற வரைக்கும் எறங்காம உக்காந்திருந்தது. பாதில எறங்கியிருந்தா எறங்குனதால தப்பிச்சோம்னு மனசு பதிஞ்சு வச்சுக்கும்.

ஓபி சீட்டு போட்டதுக்காக ஆஸ்பத்திரி ஆர்டிஓவுக்கு லெட்டர் போடுறதெல்லாம் இல்ல. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல சிகிச்சைக்கு வர்றவங்களோட விவரத்த ரகசியமா வைக்கணும்னே இருக்கு. அடுத்தவங்க உசுருக்கு ஆபத்துங்கிற மாதிரி சில விதிவிலக்கு உண்டு, ஆனா தானா வந்து நான் டிரைவர் எனக்கு இது இருக்குன்னு சொல்ற ஆளுக்கு அதப் பத்திக் கவலை எதுக்கு. டாக்டர்கிட்ட மொத வார்த்தையா டிரைவர்னு சொல்லிருங்க, தூக்கம் வராத மாத்திரையா, எந்த நேரத்துல போடணும்னு பாத்து எழுதுவாங்க.

எப்ப ஓட்டலாம்ங்கிறது டாக்டர் சொல்லணும், பொதுவா நாங்க போற வழிய சொல்றேன். கொஞ்ச நாள் இப்ப போறபடி பக்கத்து சீட்டு. அப்பறம் பகல்ல, வெயில் நேரத்துல, காலி ஜீப்ப நீங்க ஓட்டி மச்சினன் பக்கத்துல. அது சலிச்சுப் போற அளவுக்கு ஆனப்பறம் தனியா. அப்பறம் மூடுபனி நேரம், காலி வண்டி. ஆளுங்க எல்லாத்துக்கும் கடைசி. நடுவுல ஒரு நா மோசமா போனா பழைய எடத்துக்கே வந்துட்டோம்னு அர்த்தமில்ல, மறுநா அதே படிய திரும்ப ஓட்டுங்க. ஓட்டுறப்ப வந்தா அகலமான எடம் பாத்து ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, அடங்குனதும் மேல போங்க, வண்டியத் திருப்பிக்கிட்டு எறங்கிறாதீங்க. குமுளி ரோட்டுச் சுத்து மட்டும் இனி வேணாம்.

தெரபில இன்னொண்ணு செய்வாங்க, கேட்டா சிரிப்பீங்க. சுத்துற சேர்ல உக்கார வச்சு சுத்தி விடுவாங்க, நின்ன எடத்துலயே ஓடச் சொல்வாங்க, நெஞ்சு படபடப்பையும் தலைசுத்தலையும் வேணும்னே வரவச்சுக் காட்டுறது, வந்தாலும் ஒண்ணும் ஆகலைன்னு உடம்புக்குத் தெரியணும்ல. நீங்களா வீட்ல செய்ய வேணாம், டாக்டர் இதயம் சரின்னு சொன்னப்பறம் ஆள் கூட இருக்கணும்.

நேர்ல போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், 2022 அக்டோபர்ல இருந்து நடக்குது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கெடையாது, தமிழ்ல பேசலாம். ராத்திரி தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கிறீங்கள்ல, அந்த நேரத்துக்கும் ஆகும்.

வாழைத்தார் | இரவு 9:52

தம்பி கானாவிலக்கு வர்றதா இருந்தா வெள்ளனயே வந்துருங்க, ஓபி சீட்டு வரிசை பெருசு. ஈசிஜி பேப்பர் பழசு எல்லாத்தையும் எடுத்துக்கங்க, இல்லாட்டி திரும்ப எடுக்கச் சொல்வாங்க. துண்டெல்லாம் வேணாம்.

பெரியார்_டவுன் | இரவு 10:20

சேட்டன்மாரே, நான் குமுளில கடை வச்சிருக்கேன், இந்தப் பேச்சு பூராம் படிச்சேன். எங்கம்மாவுக்கு வேற மாதிரி. வண்டிப்பெரியார் டீ எஸ்டேட்ல கொழுந்து எடுத்து ரிட்டயர்டு ஆனவங்க. இப்படி திடீர்னு அட்டாக் எல்லாம் வராது, ஆனா காலைல எந்திரிச்சதுல இருந்து கவலைதான், மழை பெஞ்சா லயத்து ஓடு, அதான் எஸ்டேட் லைன் வீட்டு ஓடு, என்னாகும், பேத்தி ஸ்கூல் வண்டி ஏன் அஞ்சு நிமிஷம் லேட்டு, போன் எடுக்கலைன்னா ஆளு செத்துட்டான்ங்கிற அளவுக்கு. தோள்பட்டை வலிக்குது தலை வலிக்குதுன்னு எண்ணெய் தேச்சுக்கிட்டே இருக்காங்க. பக்கத்து வீட்டு சேச்சி டென்ஷன் அடிக்கண்டா அம்மேன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, அத நிறுத்த அம்மாவுக்கு எங்க தெரியுது. இதுவும் இதே வியாதியா?

ஓபி_சீட்டு | இரவு 10:48

ஒரே குடும்பம், வேற ஆளு. எதப் பத்தியாவது ஓயாத கவலை, பெரும்பாலான நாள்ல, ஆறு மாசத்துக்கு மேல, கூடவே தூக்கமின்மை, சதை இறுக்கம், எரிச்சல், சீக்கிரமே களைப்புன்னு இருந்தா அத பொதுப் பதற்ற நோய்னு டாக்டர் பாப்பாங்க. தோள்பட்டை வலியும் பெரும்பாலும் அதோட சேந்ததா இருக்கும், உடம்ப இறுக்கிக்கிட்டே இருக்காங்க அவங்களுக்கே தெரியாம. ஆனா வயசு ஆனவங்க, அதுனால தைராய்டு, ரத்தசோகை, சுகர், பிரஷர், ஏற்கெனவே போடுற மாத்திரை எல்லாத்தையும் மொதல்ல பாத்துரணும். கவலைப்படாதீங்கன்னு சொல்றத வீட்ல எல்லாரும் நிறுத்துங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் கவலைக்குன்னு ஒதுக்கி, உங்ககிட்டயே உக்காந்து எல்லாத்தையும் கொட்டச் சொல்லுங்க, மத்த நேரத்துல வந்தா சாயங்காலம் பாப்போம்னு தள்ளிப்போடப் பழகட்டும். சில பேருக்கு இது நல்லா வேலை செய்யும். அவங்க மெதுவா நடக்குறவங்களா இருந்தா தினம் கொஞ்ச தூரம் கூட நடங்க. பேத்தி வண்டி வந்துருச்சான்னு நாளைக்கு பத்து தடவ போன் பண்ணா பத்து தடவையும் ஆறுதல் சொல்லாதீங்க, அது அவங்களுக்கு இன்னும் கேக்கணும்னு தோண வைக்கும்.

பெரியார்_டவுன் | இரவு 11:02

பத்து தடவ இல்ல, இருபது. சரி, அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், ஆனா மனசுல உள்ளதச் சொல்லணும்னா தமிழ்தான். இங்குட்டு இருந்து 14416 அடிச்சா மலையாளத்துல எடுப்பாங்களா? ஆதார் எல்லாம் இடுக்கி ஜில்லா, தேனில பாப்பாங்களா?

ஓபி_சீட்டு | இரவு 11:10

அடிச்சதும் பாஷை கேக்கும், தமிழ அமுக்குங்க. கேரள அரசோட திஷாங்கிற ஹெல்ப்லைன் நம்பர் 1056ம் உங்களுக்கு இருக்கு, எந்த ஆஸ்பத்திரில எந்த நாள் மனநல டாக்டர் வருவாருன்னு அங்க கேட்டுக்கலாம், மருந்து மாசாமாசம் வாங்கணும்னா பக்கத்துலயே கெடைக்கிறதுதான் உங்களுக்கு வசதி. தேனிக்கு வந்தாலும் ஓபி சீட்டு போடுவாங்க, எல்லை தாண்டி வர்றவங்க தினமும் உண்டு. எங்க போனாலும் அம்மா இப்ப போடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும், அந்த தைல பாட்டில் உட்பட, ஒரு பைல போட்டுக் கொண்டுபோங்க.